மணலில் எழும்பாத பந்து

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து என் அம்மாவிடம் காட்டாதீர்கள். வேறு யாரிடமும்கூட வேண்டாம். எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அம்மாவின் மீன் கூடைக்குத்தான் வந்து சேரும்.

என் ஆசை நைனாவுக்கு,

பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போக அம்மா எழுந்துவிடுவாள், அதற்குள் முடிக்க வேண்டும். செத்துப் போன பிறகும் உன்னால் எனக்கு எவ்வளவு பேஜார் பார்.

கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் ஓர் ஆஸ்திரேலியக்காரர் அந்த முட்டைப் பந்தைக் கொடுத்தார், அவர்கள் ஊர் ஃபுட்பாலையும் சொல்லிக் கொடுத்தார். சரி. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாயா? கடற்கரையில் கோல் கம்பங்களாகத் துடுப்புகளை நட்டுக் குப்பத்துப் பையன்களை எல்லாம் ஓடவிட்டாய். "வடசென்னையிலயே இத்த ஆடுன மொத ஆளு நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். இல்லை என்று சொல்ல யார் இருந்தார்கள்?

தமிழ்நாட்டு அணியோடு ஒரே ஒரு முறை கொல்கத்தா போனாய். எவன் தோளிலோ முழங்காலை வைத்து எகிறிப் பந்தைப் பிடித்தாய். பிடித்தது பிடித்தாய், இறங்கத் தெரிய வேண்டாமா? காலில் மாவுக்கட்டோடு வந்தாய். அதற்குப் பிறகு கப்பலில் சாரம் ஏற முடியவில்லை. அம்மா கூடையைத் தூக்கினாள்.

போன ஐப்பசியில் உன்னைக் கொண்டுபோன பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்த முட்டப் பந்தாலதான் இந்த வூடு இப்டி கீது. இனிமே என் கண்ணுல பட்டுச்சு, மீன் அரியற அருவாமனையிலயே கிழிச்சிடுவேன்."

பரணில், உன் சட்டைகளுக்குள் ஒளித்துவைத்திருந்தேன். இப்போது என் மடியில் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கும் அந்த ஆட்டம் வந்துவிட்டது, நைனா. டியூஷன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். முதல் நாளே மானம் போயிற்று. பந்தோடு ஓடும்போது நடுநடுவே தரையில் தட்டி எழுப்ப வேண்டுமாம். நான் நீ சொல்லிக் கொடுத்தபடி குனிந்து குனிந்து தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். "இன்னாடி, நண்டு புடிக்கிறியா?" என்றாள் என் வகுப்பு மஞ்சுளா. அத்தனை பேரும் சிரித்தார்கள். தொட்டாலும் தப்பில்லை என்று மிஸ் சொன்னார். ஆனால் குனிகிற நேரத்தில் மேலே வந்து விழுகிறார்கள். மணலில் பந்து எழும்பாது, அதனால்தான் நாம் அப்படி ஆடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கொல்கத்தாவில் பார்த்திருப்பாயே?

இப்போது தட்டி எழுப்ப வந்துவிட்டது. அணியிலும் எடுத்துவிட்டார்கள். விடிந்ததும் போட்டிக்காக மதுரைக்குப் பஸ். அம்மாவுக்குத் தெரியாது. அவள் ஏலத்துக்குப் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். திரும்பி வந்து வெறும் பாயைப் பார்ப்பாளே. நீயும் அப்படித்தானே கொல்கத்தாவுக்குப் போனாய், வேலைக்கு என்று சொல்லிவிட்டு?

அந்த ஒன்று மட்டும் உன்னிடமிருந்து எனக்கு வேண்டாம். சொல்லாமல் போகமாட்டேன், நைனா. அவள் எழுந்ததும் பந்தை முன்னால் வைத்துச் சொல்லிவிடுவேன். கிழித்தாலும் சரி. நீயாவது கொஞ்சம்

கதவைத் தட்டுகிறாள். "உள்ள இன்னாடி பண்றே, லைட்ட போட்டுகினு?"

சொல்லப் போகிறேன்.

உன் பொண்ணு