நோன்பு வாயோடு கிணறு பார்த்தது

ஏப்ரல் 9, 1957. செவ்வாய்

அனல். ஆற்றில் வெறும் மணல். நோன்புக் கஞ்சிக்கு அரிசி, பூண்டு, தேங்காய் வாங்கியாயிற்று. வெந்தயம் மறந்துபோயிற்று.

இவருக்கு மறுபடி இருமல். புத்தூர் டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: புகையிலைத் தூசி ஆகாது, சுருட்டுப் பட்டறையை விட்டுவிட வேண்டும். விட்டால் சோற்றுக்கு? அதற்கும் இவரிடம் யோசனை தயார். முக்கொம்பு பக்கம் கொஞ்சம் நிலம். நெல், கத்திரி, ஆடு, கோழி. உப்பு, மண்ணெண்ணெய் தவிர எதற்கும் கடை வாசலை மிதிக்க வேண்டாமாம். வீட்டு முருங்கைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷர். சிரித்தேன். பிறகு முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11. வியாழன்

மேகமூட்டம், புழுக்கம். நிலத்தில் என்னென்ன பார்ப்பது என்று தினம் யாரையாவது கேட்டு வருகிறார். மண் எப்படி, வாய்க்கால் எட்டுமா, பாம்பு உண்டா, கிணற்றுத் தண்ணீர் உப்பா.

பக்கத்து வீட்டு மைமூன்: "காட்டுல போயி ஆட்டோட பேசப் போறியா?"

என் கவலை வேறு. இவரிடம் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஐந்து வேளையும் பாங்குச் சத்தம் கேட்கிற வீடுகளிலேயே இருந்துவிட்டேன். அங்கே பள்ளிவாசல் இல்லை. இவர் மூச்சைவிடவா அது பெரிது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பயம் போகவில்லை.

ஏப்ரல் 14. ஞாயிறு

நிலம் பார்க்கக் கிளம்பினோம். சத்திரத்தில் மத்தியானப் பஸ். நிற்கத்தான் இடம்.

நிலம் நன்றாகத்தான் இருந்தது. மண்ணை அள்ளி முகர்ந்தார், என்ன தெரிந்ததோ. நிலத்துக்காரர் ஒரு வாளி இறைத்து நீட்டினார். "குடிச்சுப் பாருங்க ராவுத்தரே. உப்புக் கரிச்சா நெலமே வேணாம்."

அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தண்ணீர் ருசி பார்க்க நோன்பு வாயோடு கிளம்பி வந்த புத்திசாலிகள் நாங்கள்தான். நிலத்துக்காரர் மனைவி செல்லம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள், பிறகு எனக்குப் பாய் விரித்தாள். பொழுதிறங்கி மஃரிப் ஆகும் வரை இருந்து, இந்தத் தண்ணீரிலேயே நோன்பு திறப்பதென்று முடிவு.

பொழுது சாய்ந்தது. தென்னைக்குப் பின்னால் சூரியன் இறங்கிற்றா இல்லையா, தெரியவில்லை. பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கொக்குச் சத்தம்தான். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"இங்க பாங்கு கேக்காதுங்களே."

செல்லம்மா வரப்பு வரை போய்ப் பார்த்து, பொழுது இறங்கிவிட்டது என்றாள். இவர் கைகால் கழுவி, துண்டைத் தலையில் கட்டி, கிணற்று மேட்டில் நின்று காதில் விரல் வைத்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் பாங்கு சொல்லிக் கேட்டதில்லை. சுமாரான குரல்தான். எந்த இழுப்பில் இருமல் வருமோ என்று முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தேன். வரவில்லை. கடைசி வரை வரவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

சொம்பை நீட்டினார். குடித்தேன். தண்ணீர் எப்படி என்று கேட்டார். ருசி பார்க்கவே மறந்து சொம்பைக் காலி செய்திருந்தேன்.

"வாங்கிடுங்க" என்றேன்.