நாலாம் பாத்திச் சோளம்

1936 டிசம்பர் 3, உசிலம்பட்டி

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில். மேகம் என்று சொல்ல ஒரு துண்டு இல்லை. விடியுமுன் சஹருக்கு நேற்றைய சோறும் மோரும். மகரந்தம் கலக்காமலும் குருவி கொத்தாமலும் இருக்கக் கதிர்களுக்குப் போட்ட காகித உறைகளில் சில காற்றில் அவிழ்ந்திருந்தன. நோன்போடு மறுபடி கட்டினேன்.

மேலதிகாரி எழுதியிருக்கிறார். உபகாரச் சம்பளக் கமிட்டி 22ஆம் தேதி இந்தச் சோள ஆராய்ச்சி நிலையத்துக்கு வருகிறது. மாகாணம் முழுவதிலும் புஞ்சைப் பயிர் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு உபகாரச் சம்பளம், நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. எனக்கு முப்பத்தாறு. கிடைத்தால் மூன்று வருஷம் கோயம்புத்தூரில் சொந்த ஆய்வு, குடும்பத்தோடு இருக்க வீடு. கிடைக்காவிட்டால் இப்படியே. நான் இங்கே வாடகை அறையில், ஜமீலாவும் குழந்தையும் மதுரையில் என் அத்தா வீட்டில்.

செய்ய வேண்டியவை: வரப்பு செதுக்க. பாத்திப் பலகைகளுக்குச் சுண்ணாம்பு. கமிட்டிக்கு மூன்று நாற்காலி, யாரிடம் கேட்பது? கோட்டு வெளுக்கப் போட.

டிசம்பர் 6

காற்று. தூசி. சந்தையில் மாடுகளைக் கேட்ட விலைக்குக் கொடுக்கிறார்கள். ஒருவன் மற்றவனிடம்: "ஓட்டிட்டுப் போ மாப்ள, காசு பெறகு குடு. எங்கிட்ட நின்னாச் செத்துரும்."

கமிட்டி முன் நாக்குக் குழறும். அதனால் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன். இரண்டு ரகங்களை ஒட்டுக்கட்டி, நல்லதாக ஆறு வருஷம் பொறுக்கி வந்த சோளம். போன வருஷ வறட்சியில் எல்லாம் கருகியது. நாலாம் பாத்தியில் ஒரு செடி மட்டும் கதிர் ஈன்றது. ஒரே கதிர். அதன் மணிகள் அத்தனையையும் இந்த ஆவணியில் விதைத்தேன். இப்போது ஐப்பசி மழையும் பொய்த்தது. சுற்றிலும் எல்லார் சோளமும் முழங்கால் உயரத்தில் வைக்கோலாகிவிட்டது. இது மட்டும் மணி பிடித்து நிற்கிறது.

கமிட்டிக்குச் சொல்லக் கூடாதது: டப்பாவில் ஒரு பிடி விதையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். காலேஜில் முதலில் சொல்லித் தரும் பாடம் அது. ஆனால் பயிரை நின்ற நிலையில், போதிய பரப்பில் காட்ட வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. எடுத்து வைத்தால் பாத்தி சிறுத்துவிடும் என்று எல்லாவற்றையும் மண்ணில் போட்டுவிட்டேன்.

ராத்திரிகளில் நானே வயலில் கட்டில் போட்டுப் படுக்கிறேன். பகல் காவல் ஒச்சு. ராத்திரி அவனால் முடியாது. இந்தப் பக்கத்தில் ஒச்சுவின் சாதி ஆண்களுக்கு ரேகைச் சட்டம், குற்றப் பரம்பரை என்று கை ரேகை எடுத்து வைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் சாவடியில் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். திருடினவன், திருடாதவன் என்று கிடையாது. பிறந்த சாதி போதும்.

டிசம்பர் 10

ஒச்சுவின் பெண்டாட்டி பேச்சி வயலுக்கு வந்தாள். புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்தேன் என்றாள், கலயத்தில் வெறும் நீச்சத் தண்ணீர். நின்று கதிர்களைப் பார்த்தாள்.

"அறுத்தா எங்களுக்குக் குடுப்பீகளா ராவுத்தரய்யா?"

"தட்டை பூரா ஒனக்குத்தான். மாட்டுக்கு வச்சுக்க."

"கருது?"

"கருது யாருக்கும் இல்லை. விதைக்கு. திங்கிறதுக்கு இல்லை."

சிரித்தாள். "திங்கிறதுக்கு இல்லாத சோளமா?"

ஒச்சு அவளை அதட்டினான். எனக்கும் சிரிப்பு வந்தது. இன்னும் சில வருஷத்தில் இந்த ஊர் முழுக்க இதைத்தான் விதைப்பீர்கள் என்றேன். அவள் கலயத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தித் தொழுகைக்கான மஃக்ரிப் பாங்கு இங்கே கேட்காது. வானத்தைப் பார்த்து நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழம், தண்ணீர்.

டிசம்பர் 14

ஜமீலா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், பெருநாளைக்காவது வரச் சொல்லி. போன பெருநாளுக்குப் போகவில்லை. குழந்தை என்னை மறந்துவிடும் என்கிறாள். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

ஒரு ராத்திரி, அதிகமானால் இரண்டு. யார் காவல்? ஒச்சு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டிடம் கேட்டிருக்கிறான், அந்த ராத்திரி மட்டும் சாவடிக்குப் பதிலாக வயலில் படுத்துக்கொள்கிறேன் என்று. திட்டி விரட்டிவிட்டார். பிறகு நானே போனேன். ஏட்டு மரியாதையாக நாற்காலி போட்டார்.

"சர்க்கார் பயிருங்க. ஒரு ராத்திரிதான்."

"ஒருத்தனுக்கு விட்டா எல்லாவனும் கேப்பான் சார். அதுவும் திருடங்கிட்டயே பயிரக் குடுத்துட்டுப் போறேங்கிறீங்களே."

போகாமல் இருந்துவிடலாமா. மணி இன்னும் முழுதாக இறுகவில்லை, இப்போதே அறுக்கவும் முடியாது. ஒச்சு சொன்னான்: "போயிட்டு வாங்கய்யா. புள்ள மொகத்தப் பாத்துட்டு வாங்க. பொழுது விடியவும் நா இங்கதேன் நிப்பேன்."

நாளை போடி ரயிலில் போகிறேன்.

டிசம்பர் 16, மதுரை. பெருநாள்

இதமான வெயில். அத்தா ஏழைகளுக்கான ஃபித்ரா அரிசியைக் காலையிலேயே அளந்து கொடுத்துவிட்டார். தொழுகைக்குப் பின் தெரு முழுக்க அத்தர் வாசனை. குழந்தை பாத்திமா முதலில் என்னிடம் வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். மத்தியானத்துக்குள் தோளில் ஏறிவிட்டாள்.

ஜமீலா புதுச் சேலையில். "கோயம்புத்தூர்த் தண்ணி இனிக்குமாமே" என்றாள். இன்னும் கிடைக்கவில்லை என்றேன். "கெடைக்கும். அப்பறம் ஒங்க சோளத்தையும் நாந்தேன் பாத்துக்கிருவேன். குருவி வெரட்டத் தெரியும் எனக்கு."

நெடுநாளைக்குப் பிறகு வயிறும் மனசும் ஒன்றாக நிறைந்த நாள். அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 17, உசிலம்பட்டி

கதிர் இல்லை. ஒன்றுகூட இல்லை.

முதலில் வேறு வயலுக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பலகை இருக்கிறது, சுண்ணாம்பு அடித்த பலகை. தட்டைகள் நிற்கின்றன, தலை இல்லாமல். அரிவாளால் ஒரே உயரத்தில் கொய்தது. குருவி இல்லை, மாடு இல்லை. மனிதக் கை.

காகித உறைகளைக் கிழிக்கவில்லை. நூலை அவிழ்த்து, மடித்து, வரப்பில் அடுக்கி, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். அதைப் பார்த்ததும்தான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உறை தேவைப்படும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஒச்சு தூரத்தில் நின்றான். கிட்டே வரவில்லை. "நா சாவடியிலதேன் படுத்திருந்தேன்" என்று மட்டும் சொன்னான், நான் கேட்காமலே.

மேலதிகாரிக்குத் தந்தி.

சாப்பிடவில்லை. நோன்பு முடிந்துவிட்டது என்பதே நினைவில்லை.

டிசம்பர் 18

ஒச்சு வீட்டுக்குப் போனேன். ஊர்க் கடைசியில் கூரை வீடு. ஒச்சு இல்லை. பிள்ளைகள் மூன்றும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. பேச்சி என்னைக் கண்டதும் எழுந்தாள். ஓடவில்லை, மறைக்கவில்லை.

"மிச்சம் இருக்கா பேச்சி? இடிக்காத சோளம். ஒரு பிடி."

"இல்லைங்கய்யா. ஆறு வீட்டுக்குப் பங்கு வச்சோம். எல்லாம் ஊறப்போட்டு இடிச்சாச்சு."

"ஆம்பளைகளுக்குத் தெரியுமா?"

"அவுகதேன் சாவடியில அடஞ்சு கெடக்காகளே. நாங்க பொம்பளைகதேன்." பிறகு, "கடைசிப் புள்ளைக்கு நாலு நாளா வயித்துல ஒண்ணுமில்ல. ஊரு பூராப் பாத்தாச்சு. ஒங்க காட்லதேன் இருந்துச்சு."

விதை என்று சொன்னேனே என்று கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்தவனை வெறுமனே அனுப்பக் கூடாது என்றோ என்னவோ, ஒரு ஏனத்தில் களி வைத்து முன்னால் நீட்டினாள். பிள்ளைகள் ஏனத்தையே பார்த்தன.

ஒரு வாய் தின்றேன். ஆறு வருஷம் மணியை எண்ணினேன், எடை போட்டேன், கடித்து இறுக்கம் பார்த்தேன். சமைத்துத் தின்றதில்லை. நன்றாக இருந்தது. கொஞ்சம் இனிப்பு. மீதியைச் சின்னதிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓடைக்கரை வரை நடந்தேன். அங்கே யாரும் இல்லை. அழுதேன்.

டிசம்பர் 19

மேலதிகாரி வந்தார். வயலைச் சுற்றி நடந்தார். நல்ல மனிதர், என்னைச் சிபாரிசு செய்தவர். கண் கலங்கியிருந்தது என்றே நினைக்கிறேன்.

"காதர், போலீஸ்ல எழுதிக் குடுத்துடும். திருட்டுன்னு ரிக்கார்டு ஆயிட்டா கமிட்டி கிட்ட ஒரு வருஷம் தவணை நான் வாங்கித் தரேன். ஒட்டுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம். புகார் இல்லேன்னா, நீர் லீவு எழுதாம ஊருக்குப் போனீர், பயிர் போச்சு. அஜாக்கிரதை. அவ்வளவுதான் எழுத முடியும்."

"யாருன்னு தெரியாதே சார்."

"தெரியாட்டா என்ன? இந்த ஊர்னு சொன்னாப் போதும். அவா கண்டுபிடிச்சுப்பா."

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 20

ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்துவிடுவது என்றுதான் போனேன். இந்த டைரியில் பொய் எழுத மாட்டேன். வழியெல்லாம் ஜமீலா, கோயம்புத்தூர், ஆறு வருஷம். திருட்டு திருட்டுத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏட்டு பேனாவோடு தயாராக இருந்தார். "பேரு வேணாம் சார். ஊர் போதும். ஆம்பளை எல்லாரையும் கொண்டாந்து உக்கார வச்சா, பொம்பளைக தானா வந்து சொல்லுவாளுக." வெளியே மரத்தடியில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள், வேறெதற்கோ. ஒருவனுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புகார் ஒண்ணும் இல்லை" என்றேன்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

எழுந்து வந்தேன். மேலதிகாரிக்கு எழுதிப் போட்டேன்: நான் இல்லாதபோது பயிர் அழிந்தது. பொறுப்பு என்னுடையது.

டிசம்பர் 22

கமிட்டி வந்தது. நாற்காலிகளுக்கு வேலை இல்லை. மூன்று பேரும் தலையில்லாத தட்டைகளைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து தண்டைக் கிள்ளிப் பார்த்து, "இந்த மண்ணிலா இவ்வளவு பருமன்?" என்றார். மேலதிகாரி வேறு பக்கம் பார்த்தார்.

"விதை மிச்சம்?"

"இல்லை."

"ஒன்றுமே?"

"இல்லை சார்."

கேட்டவர், தண்டைக் கிள்ளிய அதே மனிதர், என் தோளைத் தொட்டார். தொடாமல் இருந்திருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மதுரை போய்விட்டார்கள்.

அடித்தட்டையில் மறுபடி கதிர் ஈனத் துளிர் வருகிறதா என்று ஐந்து நாளாகக் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றுகிறேன். ஒச்சுவும் சேர்ந்து தூக்குகிறான்.

டிசம்பர் 27

மூன்று கட்டையில் விரல் நீளத் துளிர். கிணற்றில் சேறு மட்டும்தான். ஒச்சு எங்கிருந்தோ ஒரு குடம் கொண்டுவந்தான்.

டிசம்பர் 30

துளிர்கள் கருகின. நசுக்கிப் பார்த்தேன், தூள்.

உபகாரச் சம்பளம் வேறொருவருக்கு. பருத்தியில் வேலை செய்கிறவர். நல்ல ஆய்வுதான், படித்திருக்கிறேன். வாழ்த்தி எழுத வேண்டும். இன்று முடியாது.

ஜனவரி 1, மதுரை

தூறல், மண்ணை நனைக்காத தூறல். ஜமீலாவிடம் எல்லாம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லலை."

"சொன்னா அந்த ஊரையே போட்டு அடிப்பாங்க ஜமீலா."

மடித்ததை அடுக்கினாள். பிறகு, தாழ்ந்த குரலில்: "அவுக வீட்டு ஆம்பளைக ராத்திரி வீட்ல படுக்க முடியலைன்னு ஒங்களுக்கு மனசு தாங்கலை. சரிதேன். நா இங்க தனியாப் படுக்கிறது எத்தனை வருசம்?"

நான் செய்தது தப்பு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

ஜனவரி 5, உசிலம்பட்டி

மாற்றல் உத்தரவு. தஞ்சாவூர்ப் பக்கம் நெல் பண்ணை, பழைய சம்பளம். குடும்பத்துக்கு வீடு இல்லை. மதுரையிலிருந்து இன்னும் தூரம். சோளம் இனி இல்லை, இந்த நிலையத்தையே மூடுகிறார்கள்.

ஜனவரி 8, மதுரை

காலையில் உசிலம்பட்டி ரயிலடி. ஒச்சு பெட்டியைத் தூக்கி வந்தான். பின்னாலேயே பேச்சி, இடுப்பில் ஒரு சாக்குப் பை.

"இதுல ஒரு மரக்கா சோளம் இருக்கு. பேரையூர்ல எங்கண்ணன் வீட்ல வாங்கியாந்தேன். ஒங்க காட்ல எடுத்ததுக்குச் சரியா இருக்கும்யா. ஆறு வீட்டுக்காரிகளும் சேந்து தாரோம். இனி எங்க மேல ஒங்களுக்கு மனத்தாங்கல் வேணாம்."

பையைத் திறந்து பார்த்தேன். சந்தையில் கிடைக்கிற வெள்ளைச் சோளம். அவர்கள் வீட்டில் இன்னும் இல்லாத சோளம். வேண்டாம் என்றேன். அவள் முகம் விழுந்தது. "நாங்க திருடிக இல்லைங்கய்யா" என்றாள். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

இதுவும் அதுவும் ஒன்றில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. எதற்குச் சொல்வது.

"சரியாப் போச்சு பேச்சி. கணக்குத் தீந்துச்சு."

ஒச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கணக்குத் தீரவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பையை மூலையில் வைத்தேன். சாயங்காலம் ஜமீலா அதை முறத்தில் கொட்டிப் புடைத்தாள். நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாகப் பேசாதவள், தலை நிமிராமல், "நல்ல சோளம். எங்க வாங்குனீங்க?" என்றாள்.