சட்டைப் பையில் வந்த ஃப்ளாப்பி

இழுப்பறையைத் துடைக்கும்போது பழைய ஃப்ளாப்பிப் பெட்டியோடு வந்த வெள்ளி ஒட்டுத்தாள்கள் கையில் பட்டன. ஃப்ளாப்பியின் ஓரத்து வெட்டை இதனால் மூடிவிட்டால் அதில் புதிதாக எதுவும் பதியாது என்று எனக்குக் காட்டியவள் நீ. கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தொண்ணூறுகளில் எங்கள் பீளமேட்டுப் பம்ப்செட் பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் வரைந்தவள்.

அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு நான் போட்ட சட்டம் கடுமையானது. செருப்பு வெளியே, கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. வைரஸ் தூசியோடு வருவது என்றுதான் பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். சூப்பர்வைசரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார். மகளுக்கு ஜாதகம் கணிக்க யாரிடமோ வாங்கிய ஃப்ளாப்பி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை மெஷினில் போட்டபோது யார் கேட்பார்கள்?

மறுநாள் திரையில் ஒரு சிறு பந்து துள்ளியது. ஆட்கள் கூடி நின்று சிரித்தார்கள். அது வைரஸ் என்று தெரிந்த உன் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. என் கணவர் படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல நீ வரைந்த கடைசிப் பம்பின் படம் அந்த மெஷினில்தான் இருந்தது. அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேறு பிரதி என்றால் ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“உடனே ஒரு காப்பி எடுத்துப்போடறனுங்கம்மா.”

நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய். “உள்ள போட்டீங்கன்னா இதுக்கும் தொத்திக்குமுங்க. அப்பறம் ரெண்டும் போயிரும்.”

என்னைக் கேட்காமலே மெஷினை அணைத்தாய். படமே போயிற்று என்று நினைத்து உன் பெயரை முழுதாகச் சொல்லி அதட்டினேன். நீ திரும்பவில்லை. வெட்டு மூடிய சுத்தமான ஃப்ளாப்பியைப் போட்டு, அதிலிருந்து மெஷினை எழுப்பி, வைரஸைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டாய். அது முடியும்வரை நீ நின்றுகொண்டே இருந்தாய். கடைசியில் படம் திறந்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வளைவில் என் கணவர் சொன்ன திருத்தம் அப்படியே இருந்தது. அப்போதுதான் நீ நாற்காலியில் உட்கார்ந்தாய்.

அதன்பின் எந்த ஃப்ளாப்பியையும் சோதிக்காமல் நீ உள்ளே விட்டதில்லை, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைக்கூட. என் மேலேயே சந்தேகமா என்று கேட்டேன்.

“உன் மேல இல்ல கண்ணு. இது எந்தெந்த ஊட்டுக்குப் போயிட்டு வந்துச்சுன்னு உனக்கே தெரியாது.”

போன வாரம் மகன் பெயரில் போனுக்கு ஏதோ வந்தது, திறந்து பார்க்கச் சொல்லி. திறக்காமல் அவனைக் கூப்பிட்டேன். அவன்தான் அனுப்பியிருக்கிறான், பெற்ற பிள்ளையையே நம்பவில்லையா என்று வருத்தப்பட்டான். நீ சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். யாரோ அனுப்பியது என்றான்.

திறக்கவில்லை.