செலே ஆற்றுக்கு இறங்கும் ஏழு வளைவுகள்

மச்சாள்,

இன்று காலை பிறிம்லி வீதியின் தெற்கு முனையில், ஏரிக்கு இறங்கும் அந்தச் செங்குத்தான ரோட்டில், சைக்கிளில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். படகு ஒன்றை இழுத்துக்கொண்டு மேலிருந்து வந்த ட்ரக் ஒன்று என்னைக் கடந்து போனது. அது போன பிறகும் அதன் மணம் போகவில்லை. சூடேறிய பிரேக்கின் கருகல் மணம். மற்றவர்கள் என்றால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். எனக்கோ வாய் கொள்ளாத சிரிப்பு. ஸ்காபரோவாவது, ஏரியாவது! நான் பிரான்சில் ஒரு மலைச்சரிவில், இரண்டு கைகளாலும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி, கீழே போய்க்கொண்டிருந்த உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. ஹெல்மெற்றை மேசையில் வைத்துவிட்டு எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி இருக்கிறது. ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. என்னைத் தெரியும்தானே.

நீங்கள் என் கணவரின் அக்கா. கலியாணமாகி இருபத்தாறு வருஷம், கொண்டாட்டங்களில் ஒருவர் கறியை ஒருவர் புகழ்ந்துகொண்ட மச்சாள்மார் நாங்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வோபர்னில் நீங்கள் ஸ்கூல் பஸ் ஓட்டினீர்கள். மில்லிக்கனில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தேன். ஒரு கோடை விடுமுறையில், பஸ் ஓட்டாமல் கையும் காலும் ஊறுகிறது என்று, ஒஷாவாவில் யாரோ ஒருவரிடம் இரண்டு பழைய ரேஸிங் சைக்கிள் வாங்கி வந்து எங்கள் வாசலில் நிறுத்தினீர்கள்.

"ஒண்டு எனக்கு, மற்றது உமக்கு. மறுப்புச் சொல்லாதையும், மச்சாள்."

உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது, எனக்கு ஐம்பத்தொன்று. இறுக்கமான அரைக் காற்சட்டையோடு இருவரும் மார்க்கம் வீதியில் போனபோது, தமிழ்க் கடை வாசலில் நின்ற ஒரு அங்கிள் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். நீங்கள் சைக்கிளை நிறுத்தி, முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்து, "அங்கிள், சுகமா இருக்கிறியளோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

பிரான்ஸ் யோசனையும் உங்களுடையதுதான். பாரிஸில் இருக்கும் உங்கள் சித்தி மகன் தலையில் கை வைத்தார். "அக்கா, எல்லாரும் கோபுரம் பார்க்க வாறவை. நீங்கள் வேர்க்க வாறியளோ? நான் கார் தாறன்." நீங்கள் அசையவில்லை. "கார் இருக்கட்டும் தம்பி. கார் ஸ்காபரோவிலையும் இருக்கு."

பிஜாக் என்ற சிறு பட்டணத்தில் ரயிலால் இறங்கி மிதிக்கத் தொடங்கினோம். சைக்கிளிலேயே வளர்ந்தவர்கள் என்று நாங்கள் அடித்த பெருமைக்கு அளவே இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. நாங்கள் ஏறிய அதிபெரிய ஏற்றம் ஒரு மதகு! முதல் மலையிலேயே வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. கியர் மாற்றுவது ஏதோ கள்ள வேலை என்பது போல, ஊர்ச் சைக்கிள் பழக்கத்தில், பெரிய கியரிலேயே எழும்பி நின்று மிதித்தோம். நாக்குத் தள்ளிவிட்டது. உழவு இயந்திரத்தில் வந்த ஒரு கிழவர் வேகத்தைக் குறைத்து, உங்கள் பின் சில்லைக் காட்டி, விரலைச் சுற்றிச் சுற்றி ஏதோ சொன்னார். கடைசியில் அவரே இறங்கி வந்து, குனிந்து உங்கள் கியர்ப் பிடியைத் தொட்டுக் காட்டினார். மாற்றினீர்கள். கால் இலேசாகிவிட்டது. "இவ்வளவு நாளும் இதைப் பூட்டிவைச்சுக்கொண்டு மாய்ஞ்சிருக்கிறம்!" என்று நடுரோட்டில் நின்று சிரித்தீர்கள். கிழவர் "பொன் குறாஜ்!" என்று பிரெஞ்சில் தைரியம் சொல்லிக் கையசைத்தார். "ஓம் ஓம், வாறம்!" என்று நீங்கள் தமிழிலேயே பதில் சொன்னீர்கள்.

அதன் பிறகு வந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் மேலெல்லாம் புல்லரிக்கிறது. இடப்பக்கம் லொட் ஆறு, வலப்பக்கம் வெள்ளைப் பாறை, பாறையோடு ஒட்டிக் கட்டிய வீடுகள். வால்நட் மர நிழல் விட்டு விட்டு முகத்தில் விழும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆறு காணாமல் போய், திரும்பவும் வரும். வரும்போதெல்லாம் நீங்கள் மணியை அடித்தீர்கள். ரேஸிங் சைக்கிளில் மணி பூட்டிய ஒரே ஆள் அந்த நாட்டிலேயே நீங்களாகத்தான் இருக்கவேண்டும்.

நாலாம் நாள்தான் அந்த இறக்கம். மேட்டு நிலத்திலிருந்து செலே ஆற்றுக்கு ஏழு வளைவுகள். உச்சியில் நின்று நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "பிரேக்கைப் பிடிச்சபடி இறங்கக்கூடாது, மச்சாள். வளைவுக்கு முன்னாலை பிடிச்சு, வளைவுக்குள்ளை விடவேணும். போற இடத்தைப் பாரும், விழுற இடத்தைப் பாராதையும்." பஸ் ஓட்டியவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் கைகளுக்கு அது போய்ச் சேரவில்லை. முதல் வளைவு முழுவதும் இறுக்கிப் பிடித்தேன். பிரேக் கருகி மணந்தது. கீழே பார்த்தேன். பாலம் சின்னதாகத் தெரிந்தது. இறங்கிவிட்டேன். மீதி ஆறு வளைவையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தேன்.

கீழே நீங்கள் பாலத்தின் ஓரச் சுவரில் குந்தியிருந்து பீச் பழம் தின்றுகொண்டிருந்தீர்கள். ஒன்றை எனக்கு நீட்டினீர்கள். "நல்ல வெயில்" என்றீர்கள். அவ்வளவுதான்.

பின்னேரம் ஸ்காபரோவுக்குத் தொலைபேசி எடுத்தபோதுதான் நீங்கள் அந்த வேலையைப் பார்த்தீர்கள். இவர் கேட்க, பிள்ளைகள் கேட்க, "இண்டைக்கு மச்சாள் ஏழு வளைவும் பறந்து இறங்கினவ! என்னாலை பிடிக்கேலாமல் போச்சு!" என்று அளந்துவிட்டீர்கள். நான் கையைப் பிசைந்தேன். நீங்கள் கண்ணடித்தீர்கள்.

அந்தப் பொய் விமானத்தில் எங்களுக்கு முன்னமே வந்து இறங்கிவிட்டது. வீதியில் கண்டவர்களெல்லாம் என்னை நிறுத்திக் கதை கேட்டார்கள். தைப்பொங்கல் விழாவில் மேடைக்கு ஏற்றி, பொன்னாடை வேறு போர்த்தினார்கள். அந்தச் சரிகை கழுத்தில் அரித்தது போல வேறொன்றும் அரித்ததில்லை. முன்வரிசையில் இருந்து அதிகம் கைதட்டியவர் நீங்கள். காரில் வரும்போது கோபப்பட்டேன். "மச்சாள், எனக்கு வெட்கமா இருக்கு. உண்மையைச் சொல்லப்போறன்." "இப்ப சொல்லாதையும். திரும்பப் போவம்" என்றீர்கள்.

திரும்பப் போகவில்லை. அந்தப் பொங்கல் வந்த வருஷமே, பள்ளிக்கூடம் திறக்க ஒரு கிழமை இருக்கையில், காலைத் தேத்தண்ணீரைக் கையில் வைத்தபடி மூளையில் இரத்தக் குழாய் வெடித்துப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, மச்சாள். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்த வீட்டிலும் ஒருவர் என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே அந்த மலையிலை..." என்று தொடங்கினார். உண்மை தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தீர்கள். இனி அந்தப் பொய் எனக்கு மட்டும்தான்.

ஆகவே இந்த ஜூனில் தனியாகப் போனேன்.

அதே மேட்டு நிலம், அதே குட்டை மரங்கள், கல் மதில்கள், செம்மறிகள். ரோடு மடிந்து காணாமல் போகும் அந்த விளிம்பில் நின்றேன். தள்ளிக்கொண்டு போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏற்கெனவே பொன்னாடை வாங்கியாயிற்று! அதை நினைத்ததும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலிலேயே பெடலில் காலை வைத்தேன்.

வளைவுக்கு முன்னால் பிடித்தேன். வளைவுக்குள் விட்டேன். மச்சாள், விட்டேன்! சைக்கிள் தானாகச் சரிந்து, தானாக நிமிர்ந்தது. இரண்டு. மூன்று. காற்று காதில் இரைந்தது. நாலாவதில் எதிரே ஒரு பால் வண்டி. ஓட்டியவர் ஒதுங்கி வழி விட்டார். ஐந்தாவதில் நான் கத்திக்கொண்டிருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆறு. ஏழு. பாலத்தில் வந்து நின்று, "இறங்கிப்போட்டன், மச்சாள்!" என்று ஆற்றைப் பார்த்துக் கூவினேன். கீழே சிறு படகில் போன ஒரு பெண் துடுப்பை உயர்த்திக் காட்டினாள். அதற்குப் பிறகு பாலத்தின் ஓரச் சுவரில் தனியாகக் குந்தியிருந்து அழுதேன். சந்தோஷமும் நீங்கள் இல்லாததும் ஒன்றாக வந்துவிட்டன, எதற்கு அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். சாப்பாடு முடிந்து எல்லாரும் இருக்கையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அன்று நான் நடந்துதான் வந்தேன், இந்த ஜூனில்தான் இறங்கினேன், மச்சாள் சொன்னது பொய் என்று. நீங்கள் போன பிறகு வீட்டு யன்னலோடு முடங்கிவிட்ட உங்கள் கணவர், எங்கள் அண்ணை, மெல்ல நிமிர்ந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"உது எனக்குத் தெரியும், தங்கச்சி. அவ வந்த அண்டைக்கே சொன்னவ."

"அப்ப ஏன் அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"நானும் ஏசினனான், ஏனப்பா பொய் சொன்னனீர் எண்டு. பொய் இல்லையாம். கொஞ்சம் முந்திச் சொன்னதாம்."

இரண்டு வருஷம் நான் உங்கள் பொய்யைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னை நம்பியதைத்தான் சுமந்திருக்கிறேன். இனி அதை இறக்கி வைக்கப்போவதில்லை.

நேற்றுக் கோயிலில் ஒரு அன்ரி, "அண்ணை எப்பிடி இருக்கிறார், பாவம்?" என்று கேட்டா. "அவருக்கென்ன அன்ரி, காலமை காலமை என்னோடை சைக்கிள் ஓடுறார். வாற ஜூனிலை பிரான்சுக்கு வாறார்" என்றேன். அண்ணை இன்னும் வீட்டுப் படியைக்கூடத் தாண்டவில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், மச்சாள்.