குடை பிடித்துப் போனவன்

இன்று காலை பூக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலை ஆலையைத் தாண்டும் வளைவில் இலை காயும் வாசனை வண்டிக்குள் வந்து நிறைந்தது. என் கை தானாகக் கண்ணாடியை ஏற்றப் போனது. பக்கத்தில் நீ இல்லை என்பது கண்ணாடி பாதி ஏறிய பிறகுதான் உறைத்தது.

"அத மூடுடா" என்று அன்று நீ சொன்னாய். சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்து அனுபவித்துவிட்டுப் போகிற வாசனை அது. உனக்கு மட்டும் ஆகவில்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நம் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்புக்கு உன்னை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன் நடந்த எந்தச் சந்திப்புக்கும் நீ வந்ததில்லை. கைப்பேசியின் புலனக் குழுவில் உன் பெயர் இருக்கும், ஒரு வார்த்தை எழுதமாட்டாய். போன ஆண்டு மட்டும் நீயே ஈப்போவிலிருந்து கூப்பிட்டாய்.

"செல்வி வராளாம், உண்மையா?"

"வராளாம். ஏன்டா?"

"நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன்.

நம் வகுப்புச் செல்வியின் அப்பாவை நான் மறக்கவில்லை. நாம் ஆறாம் வகுப்பில் இருந்த காலம். தோட்டத்து லயன் வீடுகளின் கூரைகள் ஒழுகின. குழாயில் தண்ணீர் வந்தால் அதிசயம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஆண்கள் கோயிலில் ரகசியமாகக் கூடினார்கள். வரும் திங்கட்கிழமை யாரும் வேலைக்கு மலை ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர் செல்வியின் அப்பா. திங்கட்கிழமை வருவதற்குள் தோட்டத்தை நடத்திய துரை அவரைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேலை போனால் வீடும் போகும். நாம் வகுப்பில் இருந்தபோது அவர்களுடைய சட்டி பானையும் பாயும் லோரியில் ஏறின. சாமான்களுக்கு நடுவில் செல்வி பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். மழைக்கு ஒரு சாக்குக்கூட யாரும் கொடுக்கவில்லை. ஜன்னலை மூடச் சொன்னார் வாத்தியார்.

கோயிலில் பேசியது துரையின் காதுக்கு எப்படிப் போனது? எல்லாரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். கங்காணி. துரையின் பங்களாவுக்குப் போய்வருகிறவர். யாரும் நேரில் கேட்கவில்லை. குழாயடியில் உன் அம்மா வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வகுப்பில் உன் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான்தான் வந்து உட்கார்ந்தேன். "உங்கப்பாவா சொன்னாரு?" என்று கேட்டேன். நீ என் தலைமேல் கை வைத்தாய். "சத்தியமா எங்கப்பா இல்லடா."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்டேன். பள்ளிக்கூடத்தில் பல் உடைந்தது. "ஒம் மவன் கங்காணி வீட்டு ஆளா ஆயிட்டான்" என்று என் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினார்கள். உன் குடும்பம் ஈப்போவுக்கு இறங்கிப் போன பிறகும் நான் விடவில்லை. கல்யாணப் பந்தியில் யாராவது அந்தக் கதையை எடுத்தால் இலையில் சோறிருக்க எழுந்துவிடுவேன். என் சித்தப்பா மகனோடு இன்றுவரை பேச்சு இல்லை. அதற்கும் அதுதான் காரணம்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு சண்டையையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டுக்கொண்டு, "விடுடா, எதுக்கு உனக்கு" என்பாய். அதை உன் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன்.

தானா ராத்தாவில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் மாடியைப் பிடித்திருந்தார்கள். ஏற்பாடெல்லாம் மணியம்தான். நம்மோடு படிக்கும்போது வாயே திறக்காதவன், இப்போது மைக்கைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான். நரைத்த தலைகள், பேரப்பிள்ளைகளின் படங்கள், "டேய், நீயா!" என்ற கூச்சல். உன்னிடம் வந்தபோது மட்டும் கூச்சல் ஒரு படி இறங்கியது. கை கொடுத்தார்கள். பசியாறியாச்சா என்று கேட்டார்கள். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

செல்வி ஜன்னலோரம் இருந்தாள். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் அப்பா தோட்டத்தை விட்டுப் போன பிறகு காய்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்து அடித்துப் பிழைத்தார், நெஞ்சு கெட்டு இறந்தார். அவள் சாப்பிடவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் சாப்பிடவில்லை.

ஒவ்வொருவராக மைக்கில் பேசவேண்டும் என்றான் மணியம். உன் முறை நெருங்கியதும் உன் பக்கம் சாய்ந்தேன். "பேரு, ஊரு, பிள்ளைங்க. அவ்வளவு போதும். வந்து உக்காந்துரு" என்று உன் காதில் சொன்னேன். நீ எழுந்தாய். வாயைத் திறப்பதற்குள் செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஒன்னு கேக்கணும். உங்கப்பாதானே சொன்னாரு?"

மணியம் பாய்ந்து வந்தான். "பழைய கதை லா செல்வி. இன்னிக்குப் போயி..."

"நீ சும்மா இரு மணியம். நான் அவன்கிட்ட கேக்குறேன்."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழப்போனேன். வழக்கமான வார்த்தைகள் என் வாய்வரை வந்துவிட்டன. அதற்குள் நீ மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, அவளை நேராகப் பார்த்துச் சொன்னாய்.

"ஆமா. எங்கப்பாதான். அன்னிக்கு மழை. நானும் கூடப் போனேன். பங்களா வரைக்கும் குடை நான்தான் புடிச்சேன். அவர் சொன்னது என் காதுல விழுந்துச்சு."

அப்போது ஒன்றைக் கவனித்தேன். மாடியில் இருந்தவர்கள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

செல்வியின் முகம் என்னவோ போல் ஆனது. "இல்லன்னுதான் சொல்லுவன்னு நெனச்சு வந்தேன்" என்றாள். "சண்ட போடத்தான் வந்தேன். இப்ப நான் என்ன செய்யறது?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நாமும் கிளம்பினோம். பிற்பகலிலேயே பனி இறங்கி ரோடு தெரியாமல் இருந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து ஓட்டினேன். ரிங்லெட் ஏரியைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

"எறங்குடா."

நீ ஏன் என்று கேட்கவில்லை. இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத் தூறலில் நின்றாய். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. நானும் இறங்கினேன்.

"என் தலயில கைய வெச்சுப் பொய் சொன்ன. சரி, சின்னப் பையன். அப்புறம்? என் கல்யாணத்துல சொல்லியிருக்கலாம். எங்கப்பா செத்தன்னிக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு எடத்துலயும் நான் பைத்தியக்காரன் மாதிரி கத்திக்கிட்டு இருந்தேனே. இன்னிக்கு அவளுக்கு மட்டும் எப்படிச் சொன்ன?"

"அவ கேட்டா. பதில் தெரியணும்னு கேட்டா" என்றாய். "நீயும் கேட்டடா. ஆனா இல்லன்னு சொல்லணும்னு கேட்ட."

"ஆமான்னு சொல்லியிருந்தா உன்ன விட்டுட்டுப் போயிருப்பேனா?"

"போயிருப்ப" என்றாய். யோசிக்கக்கூட இல்லை. "நமக்கு என்ன வயசு அப்ப? கண்டிப்பா போயிருப்ப. நீயும் போயிட்டா எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கெடயாது."

ஒரு காய்கறி லோரி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நம்மைக் கடந்தது.

"உங்கப்பா ஏன்டா அப்படிச் செஞ்சாரு?"

"கேக்கல. கேட்டா சொல்லியிருப்பாரு. அந்தக் காரணம் எனக்குச் சரின்னு பட்டுருமோன்னு பயம்."

நான் வண்டியில் ஏறி உன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். தாப்பா பேருந்து நிலையத்தில் உன்னை இறக்கிவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு என்று எப்போதும் சொல்வேன். அன்று சொல்லவில்லை.

தீபாவளிக்கு நீ கூப்பிட்டாய். பூ எப்படிப் போகிறது என்றாய். மழை அதிகம் என்றேன். இருவரும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்தோம். அடுத்த முறை பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பிறகு ஒரு காலையில் உன் மகள் கூப்பிட்டாள். மாரடைப்பு. பல் துலக்கப் போனவர் வரவில்லை என்றாள்.

புலனக் குழுவில் செய்தியைப் போட்டேன். ஆழ்ந்த இரங்கல் என்று சிலர் எழுதினார்கள். யாரும் வருவதாக எழுதவில்லை. செல்வி மட்டும் கூப்பிட்டாள். "எந்த வீடு? வழி சொல்லு" என்றாள்.

ஈப்போவில் உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். செல்வி உள்ளே வந்து உன் தலைமாட்டில் வெகுநேரம் நின்றாள். அழவில்லை. உன் மகள் அவளைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க அப்பாவுக்கு..." என்று இழுத்தாள். "ஒரே வகுப்பும்மா" என்று செல்வி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு வெளியே வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் செஞ்சாருன்னு உங்கிட்ட சொன்னானா?"

"அவனுக்கே தெரியாதாம்."

"நான் எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது" என்றாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா சாகுற வரைக்கும் யாரு சொன்னாங்கன்னு தோட்டத்து ஆளுங்க ஒவ்வொருத்தரயா கேட்டுச்சு. யாருமே வாயத் தொறக்கல. இவன் ஒருத்தன்தான் பதில் சொன்னான்."

உன்னைத் தூக்கும்போது ஆள் குறைந்தது. நான் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். செல்வி வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

எனக்கு உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. கல்யாண வீடுகளில் அந்தக் கதை வந்தால் இப்போது நான் எழுவதில்லை. "ஆமா, அவங்கப்பாதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன். ஏரிக்கரையில் "போயிருப்ப" என்று நீ சொன்னதற்கு அன்று நான் பதில் பேசவில்லை. அதைத்தான் நாள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிகிறேன். இன்று சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது சரிதான்டா. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போயிருப்பேன். போய், மற்றவர்களோடு சேர்ந்து உன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருப்பேன். இத்தனை காலம் என் கூட இருந்த ஒருவனை, யாரென்றே தெரியாமல் இழந்திருப்பேன்.