அப்பா வைத்த அடையில் ஆறு சேவல்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு பேனாவை எடுத்திருக்கிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அது உன்னைப் போல. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவள் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியிலேயே பொய் சொல்லிச் சமாளித்துவிடுவேன், அதனால்தான். சேவல்கள் விஷயம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அப்பா பதினோரு முட்டை வாங்கிவந்து, சைக்கிள் ரிப்பேர் கொட்டகையில் வைத்திருக்கும் பென்சிலால் ஒவ்வொன்றிலும் தேதி போட்டு, நம் சிவப்புக் கோழி சீமாட்டியை அடை வைத்தார். குஞ்சு பொரித்தபோது அவர் இல்லை. நீயோ விசா கைக்கு வராமல், காரியத்துக்கும் வர முடியாமல் வெளிநாட்டிலேயே மாட்டிக்கொண்டாய். ஒன்பது குஞ்சு வந்திருக்கிறது என்று சொன்னதும் நீ அழுதுகொண்டே, அப்பா வெச்ச அடைம்மா, நான் வந்து பாக்கற வரைக்கும் ஒண்ணைக்கூட யாருக்கும் குடுத்துடாதே என்றாய். சரி என்றேன். அன்றைக்கு நீ எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஒன்பதில் ஆறு சேவலாக வந்து நின்றால் நான் என்ன செய்வேன் சொல். ஐந்தாவது மாதம் ஒவ்வொன்றாகக் கூவ ஆரம்பித்தன. இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்கும் பக்கத்து வீட்டு நர்ஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, அக்கா ஒண்ணு கூவினா அலாரம்னு நெனச்சுக்கலாம், ஆறு கூவினா நான் எங்க போய்ப் படுக்கறது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

கூவலோடு போயிருந்தால் பரவாயில்லை. இருக்கிற ஏழு கோழிக்கு ஒரு சேவலே தாராளம், இங்கே ஆறு. மாற்றி மாற்றி ஏறி மிதித்ததில் கோழிகளின் முதுகில் ஒரு இறகு இல்லை. அப்பாவின் நீலச் சட்டையை வெட்டி எல்லாவற்றுக்கும் முதுகுத்துணி தைத்துக் கட்டினேன், நீ பார்த்திருந்தால் பள்ளிக்கூடச் சீருடை என்று சிரித்திருப்பாய். அதையும் கிழித்தார்கள். ஒரு நாள் காலையில் தீவனம் போடும்போது சீமாட்டி வரவில்லை, தேடிப்போனால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கிறாள், இறக்கைக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து தொங்குகிறது. அத்தனையையும் அடைகாத்துப் பொரித்தவள் அவள். கழுவி மருந்து போட்டுச் சமையலறை மூலையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். அப்போதும் சேவல்களைக் கொடுக்க மனசு வரவில்லை, உன்னிடம் சரி என்று சொல்லியிருந்தேனே. ஆறையும் பிடித்து, அப்பா சைக்கிள் ரிப்பேர் செய்த பின்பக்கக் கொட்டகையில் அடைத்து, கோழிகள் தெரியாதபடி ஜன்னலுக்கு அட்டை வைத்துக் கட்டினேன். கோழி கண்ணில் படாவிட்டால் சேவல்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்படியேதான் நடந்தது. பழைய சைக்கிள் ஹேண்டில்பார் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மூன்று வாரம் ஒரு சண்டை இல்லை. அப்பாடா என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் தப்பு. அந்த ஆறில் சின்னவன், குட்டையன் என்று கூப்பிடுவேன், என் கையில் வந்து தின்கிறவன். இருட்டுக்குள் அடைந்து கிடக்கிறானே என்று இரக்கப்பட்டு அவனை மட்டும் வெளியே எடுத்துக் கோழிகளோடு விட்டேன். நான்கு நாள் ராஜா மாதிரி திரிந்தான். அதற்குள் சீமாட்டியின் காயம் ஆறிவிட, அவளை வெளியே விட்டேன், விட்ட கையோடு அவள் மேலேயே பாய்ந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் தூக்கிக் கொட்டகைக்குள் எறிந்து கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். கோழிகளோடு இருந்துவிட்டு வந்தவனை மற்றவர்கள் கூடப் பிறந்தவனாகப் பார்க்கவில்லை, வேற்றாளாகத்தான் பார்த்தார்கள். ஐந்தும் சேர்ந்துகொண்டன. சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடினேன், காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் கிடந்தான், மடியில் எடுத்து வைத்ததும் போய்விட்டான். நான்தான் கொன்றேன். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

மறுநாளே முடிவு செய்தேன். நர்ஸின் அக்கா வீட்டில் பன்னிரண்டு கோழி, அந்த அக்கா வந்து இரண்டை வளர்க்க வாங்கிப் போனாள். ஒன்றை நம் கோழிகளுக்கு வைத்துக்கொண்டேன், அதிகம் முரண்டு பிடிக்காதவன். மீதி இரண்டையும் வளர்க்கக் கொடுத்தேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், ஆனால் அவை கறிக்கடைக்குப் போயின. கூடையில் வைத்து மேலே துணி போட்டு நானே கொண்டுபோனேன், கடைக்காரர் வாங்கும்வரை கையை எடுக்கவில்லை. வழியெல்லாம் உன்னிடம் என்ன சொல்வது என்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்குத்தான் கடிதமே. ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பா தெளிவாகப் பேசியது இந்த அடையைப் பற்றித்தான். பாதிக்கு மேல சேவலா வந்தா சேத்து வெச்சுக்காதே, கோழிங்க தாங்காது, பாத்துக் கழிச்சுடு என்றார். நீ அழுதுகொண்டு கேட்டபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பேச்சைவிட உன் பேச்சைப் பெரிதாக எடுத்தேன், அதற்குச் சீமாட்டியும் குட்டையனும் பட்டார்கள். உன்மேல் கோபம் இல்லை தங்கம். நீ வருவதற்குள் இங்கே எதுவும் கலைந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாய், எனக்குப் புரிகிறது. நீ வர முடியாததை அப்பா ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. இங்கே எல்லாம் கலைந்துதான் இருக்கும், நான் மட்டும் இருப்பேன், என்னைப் பார்க்க வா.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்டநாள் சுகமாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சொன்னேனே, மறக்காதே. இரண்டு மாதத்துக்குப் பிறகு சீமாட்டி இன்று ஒரு முட்டை போட்டாள். கொட்டகையில் போய் அப்பாவின் பென்சிலை எடுத்து வந்து அதில் தேதி எழுதினேன். இனி நான்தானே எழுத வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா