கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள்

செவ்வாய்க்கிழமை

ஒரகடம் பக்கத்து லைன் வீடொன்றில் ஒரு பெண் விஷம் குடித்து இறந்துவிட்டாளென்று தடயம் எடுக்கப் போனேன். கம்பெனி யூனிஃபாரத்தோடு கதறிக்கொண்டிருந்த அவள் புருஷன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“தலமாட்டுல ஒரு வெளக்காவது ஏத்திக்கிறேன் மேடம். இருட்டுல படுத்துக்கினு கீறா.”

படம் எடுத்து முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். ஆனாலும் தீப்பெட்டி எடுக்க அவனைச் சமையலறைக்குள் விட்டேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது.

நான் வீட்டுக்குள் நுழையும்போதே சமையல் மேடையில் குடித்த மிச்சத்தோடு இரண்டு டம்ளர்களைப் பார்த்திருந்தேன். பிறகு கேமராவோடு போனால், இரண்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஈரம்கூடக் காயவில்லை.

விளக்கை ஏற்றும்போதும் அழுதானே, பாவி.

ரிப்போர்ட்டில் அவனை உள்ளே விட்டது யாரென்று எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.